வேலியில் ஏறும் பழுபாகல்: பூத்துக் கொட்டுகிறது, ஒரு காய் இல்லை

சாரல்வீடு:

அண்ணாச்சிமார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம். தென்காசிக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கிறோம். பின்பக்கம் கிளுவை வேலி. அதில் வருடாவருடம் ஒரு கொடி தானாக ஏறுகிறது. சித்திரையில் ஒரு கோடை மழை விழுந்தால் போதும், மண்ணுக்குள்ளிருந்து தளிர் கிளம்பிவிடும். ஆனி பிறப்பதற்குள் கிளுவையே தெரியாத அளவுக்கு மூடிவிடும். தை மாதம் போய்ப் பார்த்தால் கொடி இருந்த தடமே இருக்காது.

மாமியார் பார்த்துவிட்டு இது பழுபாகல்தான் என்கிறார். அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது மலையிலிருந்து பளியர் பெண்கள் இந்தக் காயைப் பெட்டியில் கொண்டுவந்து அரிசிக்கு மாற்றிப் போவார்களாம். இந்தக் காய்க்காகவே சாரல் எப்போது தொடங்கும் என்று காத்திருப்பார்களாம். இப்போது சந்தையில் எப்போதாவது கண்ணில் படுகிறது, விலை கேட்டால் பாகற்காயே போதும் என்று தோன்றுகிறது. வீட்டில் இத்தனை பெரிய கொடி இருக்கும்போது வாங்குவதற்கும் மனம் வரவில்லை.

ஆனால் கொடியில் பூ மட்டும்தான். மஞ்சள் பூ நிறையப் பூக்கிறது, உதிர்கிறது, அதோடு சரி. ஒரு பிஞ்சைக்கூட இதுவரை பார்த்ததில்லை. சாணம், மண்புழு உரம் எல்லாம் போட்டாயிற்று.

என் கேள்விகள்: இது உண்மையிலேயே பழுபாகல்தானா? காய்க்க என்ன செய்ய வேண்டும்? காய்க்கவே காய்க்காது என்றால் இலையையாவது சமைக்கலாமா? மலையில் நிறைய இருக்கிறது, ஒரு கிழங்கு தோண்டிவந்து வைத்துக்கொள் என்று பக்கத்து வீட்டு அண்ணன் சொல்கிறார். அது சரிவருமா?

மாடித்தோட்டம்:

பூ உதிர்ந்தால் பொட்டாஷ் பற்றாக்குறையாக இருக்கும். வாழைப்பழத் தோலை ஊறவைத்து ஊற்றிப் பாருங்கள். தேமோர்க் கரைசலும் (தேங்காய்ப்பாலும் மோரும் புளிக்கவைத்தது) தெளிக்கலாம். என் புடலைக்கு நன்றாகக் கேட்டது.

கொடிப்பந்தல்:

தேமோர்க் கரைசலை வைத்துக்கொள்ளுங்கள், வேறு செடிக்கு ஆகும். இங்கே பிரச்சினை உரத்தில் இல்லை என்று நினைக்கிறேன்.

தங்கச்சி, பழுபாகலில் ஆண் கொடி தனி, பெண் கொடி தனி. புடலை, பீர்க்கு, பாகல் மூன்றிலும் ஒரே கொடியில் இரண்டு பூவும் வரும். அதில் பழகிய கண் இதைப் பார்த்ததும் ஏமாந்துவிடும். ஆண் கொடிக்கு என்ன உரம் போட்டாலும் ஆண் பூதான் பூக்கும், நல்ல உரம் போட்டால் இன்னும் நிறையப் பூக்கும். இருப்பது தனிப் பெண் கொடியாக இருந்தால் பிஞ்சு வரும், மகரந்தம் கிடைக்காமல் மஞ்சளாகி விழும். நீங்கள் பிஞ்சே பார்த்ததில்லை என்கிறீர்கள். அதனால் என் சந்தேகம் ஒரு பக்கம் சாய்கிறது. ஆனால் நானாக முடிவு சொல்வதைவிட நீங்கள் பார்த்துச் சொல்வது நல்லது.

முதலில் கொடி எதுவென்று உறுதி செய்துகொள்ளுங்கள். பற்றுக்கம்பியைப் பாருங்கள், அதாவது வேலியைச் சுற்றிப் பிடிக்கும் அந்தச் சுருள். பழுபாகலில் அது கிளைக்காமல் ஒற்றையாகப் போகும். நுனி இரண்டாகப் பிரிந்திருந்தால் அது ஐவிரலியாக இருக்கலாம், பேய்ப்புடலாகவும் இருக்கலாம். ஐவிரலி இதே வேலிகளில்தான் ஏறும். அதன் காய் வழவழப்பாக, வெள்ளை வரியோடு இருக்கும், பழுத்தால் சிவக்கும். பார்க்க ஆசையாக இருக்கும், வாயில் வைக்கக் கூடாது. பழுபாகலின் இலை இதய வடிவம், சில கொடிகளில் மூன்றாகவோ ஐந்தாகவோ மடல் பிரிந்திருக்கும். ஒரே கொடியில்கூட இரண்டு விதமும் வரும், அதனால் இலையை மட்டும் நம்ப வேண்டாம்.

அடுத்தது பூ. மொட்டாக இருக்கும்போதே பாருங்கள். ஆண் பூவில் காம்பின் மேல் முனையில், மொட்டுக்கு ஒட்டினாற்போல ஒரு பச்சைச் சிற்றிலை இருக்கும், மொட்டைத் தொப்பி போல மூடிக்கொண்டு. பூ விரிந்த பிறகும் அது அடியில் அப்படியே நிற்கும். பெண் பூவில் அந்தச் சிற்றிலை மிகச் சிறியது, காம்பின் அடிப்பகுதியில் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கும், தேடினால்தான் தெரியும். அதற்குப் பதில் இதழ்களுக்குக் கீழே உளுந்தைவிடச் சற்றுப் பெரிதாக முள் முள்ளாக ஒரு பிஞ்சு இருக்கும். பூ விரியும் முன்பே அந்தப் பிஞ்சு இருக்கும். ஒரு தடவை பார்த்துவிட்டால் அப்புறம் பத்தடி தூரத்திலிருந்தே சொல்லிவிடுவீர்கள்.

மூன்றாவதாக, பூ எத்தனை மணிக்கு விரிகிறது? அது ரொம்ப முக்கியம். காலையிலா, மாலையிலா என்று இன்றைக்கே பார்த்துச் சொல்லுங்கள், மற்றதைப் பிறகு எழுதுகிறேன்.

மலையில் கிழங்கு தோண்டும் யோசனையை விட்டுவிடுங்கள். காப்புக்காட்டில் எதையும் தோண்டி எடுப்பது சட்டப்படி குற்றம். 2006 வன உரிமைச் சட்டம் கிழங்கு உள்ளிட்ட சிறு வனப்பொருட்களை எடுக்கும் உரிமையைத் தருகிறது என்பது உண்மை. ஆனால் அது காட்டையே நம்பி அங்கே வாழ்கிறவர்களுக்கு, உங்கள் பக்கத்து வீட்டு அண்ணனுக்கு இல்லை. சட்டம் கிடக்கட்டும். காய் பறித்தால் கொடி அடுத்த மழைக்கும் வரும், கிழங்கைத் தோண்டினால் அந்த இடத்தில் கொடியே முடிந்தது. அதுவும் பூ இல்லாத நாளில் தோண்டினால் அது ஆணா பெண்ணா என்று எப்படித் தெரியும்? உங்களிடம் இருப்பது ஆண் என்றால், இன்னொரு ஆணைச் சுமந்துகொண்டு இறங்குவீர்கள்.

சாரல்வீடு:

அண்ணாச்சி, நேற்றுச் சாயங்காலமே பார்த்துவிட்டேன். பற்றுக்கம்பி ஒற்றைதான். எல்லா மொட்டிலும் நீங்கள் சொன்ன அந்தத் தொப்பி இருக்கிறது. வேலியின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடந்தேன், முள் பிஞ்சோடு ஒரு பூகூட இல்லை.

பூ இருட்டுகிற நேரத்தில்தான் விரிகிறது. ஆறரை மணிக்கு மொட்டாக இருந்தது, பாத்திரம் கழுவிவிட்டு ஏழரைக்கு வந்தபோது எல்லாம் விரிந்திருந்தது. லேசாக ஒரு வாசனையும் வந்தது. இத்தனை நாள் காலையில் பார்த்து, வாடிய பூவைத்தான் பூ என்று நினைத்துக்கொண்டிருந்தோம் போல.

அப்படியென்றால் இது ஆண்தானே? பிடுங்கிவிடலாமா?

கொடிப்பந்தல்:

ஆண்தான். பிடுங்காதீர்கள்! பெண் கொடி காசு கொடுத்தால் கிடைக்கும். நன்றாக வேர்பிடித்து வருடாவருடம் தானாக வரும் ஆண் கொடி கிடைப்பதுதான் பாடு. ஓர் ஆண் கொடி எட்டுப் பத்துப் பெண் கொடிக்குத் தாங்கும். வியாபாரத்துக்குப் போடுகிறவர்களே அந்தக் கணக்கில்தான் நடுகிறார்கள்.

இருட்டும்போது விரிகிறது, வாசனை வருகிறது என்றால் உங்களுடையது சாதாரணப் பழுபாகல், அறிவியல் பெயர் மொமார்டிகா டயோய்கா. இதைக் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. நம் மலையில் இதன் நெருங்கிய சொந்தம் இன்னொன்று உண்டு, மொமார்டிகா சஹ்யாத்ரிகா. மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரியது. ரொம்ப நாளாக இரண்டையும் ஒன்றாகவே எழுதிவைத்திருந்தார்கள். 2007ல் ஜோசப் ஜான், வி.டி. ஆண்டனி இருவரும் அதைத் தனி இனமாகப் பிரித்தார்கள். அதன் பூ பெரியது, பளிச்சென்ற மஞ்சள், விரிவது காலையில். காயும் பெரிது. மழை கொட்டும் சரிவுகளில்தான் அது செழிக்கும். காட்டில் காய் பறிக்கிறவர்களுக்கு இந்த வித்தியாசம் எப்போதோ தெரியும். புத்தகத்துக்கு வரத்தான் இத்தனை காலம்.

வடக்கே விற்கும் பெரிய ரகம் மூன்றாவது. வங்காளத்தில் காக்ரோல் என்பார்கள். பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் அர்கா பாரத் என்று வெளியிட்டது அந்த இனம்தான். முட்டை அளவுக்குக் காய்க்கும், பார்க்க நன்றாக இருக்கும். நர்சரியில் பழுபாகல் என்று கேட்டால் பெரும்பாலும் இதைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். உங்களுக்கு அது வேண்டாம். அதன் பூ விடியற்காலையில் விரியும், உங்கள் ஆண் கொடி அந்தியில் விரியும். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நின்றாலும் நேரம் பொருந்தாது. உங்கள் கொடிக்கு அதே இனத்துப் பெண் வேண்டும். அதே நிறுவனத்தின் புவனேஸ்வர் நிலையம் வெளியிட்ட அர்கா நீலாச்சல் ஸ்ரீ, ராய்ப்பூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் இந்திரா கங்கோடா 1 ஆகியவை சின்னக் காய் ரகங்கள். அதெல்லாம் இல்லாமல் உள்ளூரில் பந்தல் போட்டிருப்பவரிடம் கிழங்கு வாங்கினாலே போதும், நம் மழைக்குப் பழகியிருக்கும்.

எதை வாங்கினாலும் கிழங்காகவோ, பெண் கொடியிலிருந்து எடுத்த பதியனாகவோ வாங்குங்கள். விதை வேண்டவே வேண்டாம். ஓடு கெட்டி, முளைக்கும் வரை காத்திருந்தே சலித்துப்போகும். முளைத்தாலும் பூக்கும் வரை ஆணா பெண்ணா தெரியாது, ஏறக்குறைய பாதி ஆணாகப் போகும். விற்கிறவர் ‘இது பெண் விதை’ என்று சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

பெண் கொடி பூக்கத் தொடங்கியதும் முதல் வருடம் கையாலேயே மகரந்தம் சேருங்கள். இருட்டிய பிறகு டார்ச் எடுத்துக்கொண்டு போங்கள். அன்றைக்கு விரிந்த ஆண் பூ ஒன்றைப் பறித்து, இதழ்களைப் பின்னால் மடக்கிப் பிடித்தால் நடுவில் மகரந்தப் பை வெளியே நிற்கும். விரலில் தொட்டால் மஞ்சள் பொடி ஒட்ட வேண்டும். ஒட்டவில்லை என்றால் வேறு பூ. அதைப் பெண் பூவின் சூல்முடியில், அதாவது பூ நடுவில் நிற்கும் முனையில், மெதுவாகத் தேய்க்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு பூவை வைத்து இரண்டு மூன்று பெண் பூவுக்குத் தொடலாம். மழை தூறினால் அன்றைக்கு விட்டுவிடுங்கள், பொடி நனைந்தால் பயனில்லை. சேர்ந்துவிட்டால் சில நாளிலேயே பிஞ்சு பருத்துக் காம்பு தடிக்கும். சேராதது மஞ்சளாகி விழும். இரவுப் பூச்சிகளும் இந்த வேலையைச் செய்யும். வீட்டைச் சுற்றி விடிய விடிய விளக்கு எரிந்தால் அவற்றை எவ்வளவு நம்பலாம் என்று தெரியவில்லை, அதனால்தான் கையால் என்கிறேன்.

இரண்டு வாரத்துக்குள் பறித்துவிட வேண்டும். பச்சையாக, முள் மெத்தென்று இருக்கும்போது பறிக்கணும். தாமதித்தால் விதை கல்லாகிவிடும், சமையலுக்கு ஆகாது. விட்டால் மஞ்சளாகி, பழுத்து வெடித்து, உள்ளே சிவப்புச் சதையோடு விதையைக் காட்டும். அது பறவைகளின் பங்கு.

வேளாண்மாணவன்:

ஒரு தகவல். பெண் கொடியில் சில்வர் நைட்ரேட் கரைசல் தெளித்தால் மகரந்தம் உள்ள பூக்கள் வருவதாகப் படித்திருக்கிறோம். ஆண் கொடி இல்லாதவர்கள் முயன்று பார்க்கலாமே?

கொடிப்பந்தல்:

தம்பி, உண்மைதான். ஆராய்ச்சிப் பண்ணையில் ரகம் உருவாக்க அது உதவும். சமையலுக்குப் பறிக்கிற கொடியில் வெள்ளி உப்பைத் தெளிக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. சாரல்வீட்டுத் தங்கச்சியிடம்தான் ஆண் கொடி வேலி நிறைய இருக்கிறதே.

மங்களூர்வாசி:

நான் பிழைப்புக்காக மங்களூர் வந்தவன். இங்கே மழைக்காலத்தில் இந்தக் காய் சந்தைக்கு வந்துவிட்டால் கொங்கணி வீடுகளில் வேறு காய்க்கு வேலை இல்லை. வீட்டுக்காரர் சமைப்பதைப் பார்த்தே கற்றுக்கொண்டேன்.

முள்ளைச் சுரண்ட வேண்டியதில்லை, கழுவித் துடைத்தால் போதும். மெல்லிய வட்டமாக அரிய வேண்டும். விதை இளசாக இருந்தால் அப்படியே விடலாம், பல்லில் கடிபட்டால் மட்டும் எடுங்கள். உப்பு, மிளகாய்த்தூள், பெருங்காயம் பிரட்டிக் கொஞ்ச நேரம் வைத்தால் நீர் விடும். அந்த ஈரத்திலேயே அரிசி மாவையோ ரவையையோ ஒற்றி, தோசைக்கல்லில் தேங்காய் எண்ணெய் விட்டு இரண்டு பக்கமும் சிவக்க எடுக்க வேண்டும். தண்ணீர் ஊற்றி மாவு கரைக்காதீர்கள், மொறுமொறுப்பு போய்விடும். பாகலின் கசப்பை நினைத்துப் பயப்படும் பிள்ளைகளும் சாப்பிடுவார்கள், ஏனென்றால் இதில் கசப்பே தெரியாது. கடலைமாவு பஜ்ஜியும் போடுவார்கள், ஆனால் கல்லில் வறுத்ததற்கு அது ஈடில்லை என்பது என் கட்சி.

இலையை இவர்கள் சமைத்து நான் பார்க்கவில்லை. அதைக் கொடிப்பந்தல் அண்ணாச்சிதான் சொல்ல வேண்டும்.

கொடிப்பந்தல்:

படிக்கும்போதே பசிக்கிறது.

இலை சமைக்கலாம். கொடியின் நுனிக் கொழுந்தும் அதற்கு அடுத்த இரண்டு மூன்று இளம் இலைகளும் மட்டும்தான். முற்றிய இலை நாராக இருக்கும். ஆண் கொடியின் கொழுந்தும் ஆகும், அதனால் தங்கச்சி, இத்தனை வருடமும் வேலியில் கீரை வைத்துக்கொண்டு கடையில் கீரை வாங்கியிருக்கிறீர்கள். பருப்போடு சேர்த்து வதக்கலாம், கொஞ்சம் கசப்பு தட்டும். தேங்காய் சேர்த்தால் அடங்கும். நுனி கிள்ளினால் பக்கக் கிளை வெடிக்கும், ஆனால் பூப்பது தள்ளிப்போகும். பெண் கொடியில் காய்தான் வேண்டும் என்றால் அதைக் கிள்ளாமல் ஆணிடமே வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டை ஓட்டையாக, நரம்பு மட்டும் மிஞ்சிய இலை இருந்தால் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். மஞ்சள் நிறத்தில் முள் முள்ளாகப் புழு இருக்கும், புள்ளி வண்டின் குஞ்சு. அதைக் கையால் நசுக்கிப் போடுவதுதான் வேலி அளவுக்குச் சரியான வைத்தியம்.

சமைக்குமுன் ஒரு சின்ன இலைத்துண்டை வாயில் வைத்துப் பாருங்கள். பாகல் இலையின் கசப்பையும் மீறி நாக்கைச் சுருட்டும் கசப்பாக இருந்தால் துப்பிவிடுங்கள், வேறு ஏதோ கொடி கூடவே ஏறியிருக்கிறது என்று அர்த்தம். கிளுவை வேலியில் நாலு கொடி ஒன்றாகப் பின்னிக்கொள்வது சாதாரணம். பற்றுக்கம்பி ஒற்றையாக இருக்கும் தண்டிலிருந்து மட்டும் கிள்ளுங்கள்.

நெல்லைக்காரர்:

இது சர்க்கரை நோய்க்கு ரொம்ப நல்லதாமே? தினமும் சாறு பிழிந்து குடித்தால் மாத்திரையே வேண்டாம் என்று வீடியோவில் சொன்னார்கள். எங்கப்பாவுக்குக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன்.

கொடிப்பந்தல்:

அண்ணே, பொரியலாகக் கொடுங்கள், சந்தோஷமாகச் சாப்பிடட்டும். மாத்திரையை நிறுத்த வேண்டாம். எலிகளில் செய்த சோதனைகள் நிறைய இருக்கின்றன. அதை வைத்து மனுஷன் கையிலிருந்து மாத்திரையைப் பிடுங்க முடியாது. வீடியோக்காரர் உங்கள் அப்பாவின் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டா சொன்னார்? சாறு பிழிவது காய்க்கும் கேடு, இந்த விலைக்குக் காய் வாங்கி யாராவது பிழிவார்களா!

சாரல்வீடு:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. கொழுந்தைப் பருப்போடு செய்தோம், மாமியார் இரண்டு தடவை போட்டுக்கொண்டார். ஆண் கொடி என்று கேட்டதும் ‘அதான் ஒன்றுக்கும் உதவாமல் படர்ந்து கிடக்கு’ என்றார், வீட்டில் ஆண்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை.

பெண் கிழங்கு எப்போது நடலாம்? நட்டால் இந்த வருடமே காய்க்குமா? வேலியிலேயே ஏற்றலாமா, பந்தல் வேண்டுமா? காய்ந்துபோன மாதங்களில் தண்ணீர் ஊற்ற வேண்டுமா?

கொடிப்பந்தல்:

நடவு மாசி கடைசி அல்லது பங்குனியில், கிழங்கு தூக்கத்தில் இருக்கும்போது. நல்ல பருத்த கிழங்காக இருந்தால் அந்த மழைக்காலத்திலேயே கொஞ்சம் காய்க்கும், இரண்டாம் வருடத்திலிருந்துதான் ஒழுங்காகக் காய்க்கும். கிழங்கின் தலைப்பகுதி, அதாவது பழைய கொடி ஒட்டியிருந்த இடம், மேலே இருக்கும்படி வையுங்கள். துண்டு போட்டு விற்றால் அந்தத் தலை இல்லாத துண்டை வாங்காதீர்கள், முளைக்கிற கண் அங்கேதான் இருக்கிறது.

வேலியில் ஏற்றலாம், ஆனால் ஆண் கொடிக்குள்ளேயே பெண்ணைவிட்டால் காயைத் தேடவே ஆள் வைக்க வேண்டும். பச்சைக் காய், பச்சை இலை, இருக்கிற இடமே தெரியாது. நாலைந்து அடி தள்ளி, ஆள் உயரத்துக்கு ஒரு சின்னப் பந்தல் போட்டால் காய் கீழே தொங்கும், பறிக்க லேசு. டார்ச்சும் ஆண் பூவுமாக நிற்கும்போதும் வசதி. தண்ணீர் தேங்காத மேடாக இருக்கணும்.

காய்ந்த மாதங்களில் ஒரு சொட்டுத் தண்ணீரும் வேண்டாம். கிழங்குக்கு ஆகாதது அந்த நேரத்து ஈரம்தான், அழுகிவிடும். துணி துவைக்கும் தண்ணீர் அந்தப் பக்கம் ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நட்ட இடத்தில் ஒரு கம்பு ஊன்றி, ஆண், பெண் என்று எழுதிக் கட்டிவிடுங்கள். தையில் எல்லாம் மறைந்த பிறகு மண்வெட்டியோடு வருகிறவருக்குத் தெரிய வேண்டுமே.

காய்க்கத் தொடங்கியதும் பழ ஈ வரும். பிஞ்சில் ஊசி குத்தினாற்போல ஓட்டை, சுற்றி மஞ்சளாக இருந்தால் அதுதான். அந்தக் காயைக் கொடியின் கீழேயே போடாமல் எடுத்து அழித்துவிடுங்கள், இல்லாவிட்டால் புழு மண்ணுக்குள் போய் அடுத்த கூட்டமாக வரும்.

மாசியில் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். பெண் கொடிகளைப் பூக்கும்போதே நூல் கட்டி அடையாளம் வைப்பேன், அதிலிருந்து மூன்று கிழங்கு எடுத்து வைக்கிறேன். காசு வேண்டாம், பதிலுக்கு உங்கள் ஆண் கொடியில் ஒரு பதியன் போட்டுக் கொடுங்கள். என் பந்தலில் ஆண் கொடி ரொம்பக் குறைவு.